கழியில் கட்டிய கீற்று

ஊத் வாயைத் திறந்து வியாபாரம் பண்ணி யாரும் பார்த்ததில்லை. அவன் படகின் மூக்கில் நட்டிருக்கும் மூங்கில் கழிதான் அவனுக்காகப் பேசும். கழியின் நுனியில் பூசணிக்காய் தொங்கினால் படகு நிறையப் பூசணி. வாங்குகிறவன் தூரத்திலேயே பார்த்துவிட்டு வந்து அணைவான், விரலை நீட்டுவான், இவன் விரலை மடக்குவான், பேரம் முடிந்தது. ஹாவ் ஆற்றில் மிதக்கும் சந்தையில் எல்லாப் படகுக்கும் இதே வழக்கம்தான். ஆனாலும் இந்தக் கழியை எவனோ ஒரு புண்ணியவான் ஊத்துக்காகத்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்பாள் அவன் அண்ணி லுவா. ஊத்துக்குத் திக்குவாய். 'பூசணி' என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் அலை வந்து எதிர்ப்படகைத் தள்ளிக்கொண்டு போய்விடும்.

ஊத் என்பது பெயரும் இல்லை. அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு மூத்ததை ஹாய் என்பார்கள், கடைக்குட்டியை ஊத் என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால் கூடப்பிறந்தவர்களே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்கள்.

லுவா ஆற்றுக்காரி அல்ல. வயல்காட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த புதிதில் ஒருநாள் வெயில் மண்டையைப் பிளந்தது. வாங்கி வைத்திருந்த மீனுக்கு நிழலாக இருக்கட்டுமே என்று ஒரு தென்னங்கீற்றை எடுத்துக் கழியில் கட்டிவிட்டு, பாவம், சமையலைப் பார்க்கப் போய்விட்டாள். சட்டி சூடாவதற்குள் வரிசையாகப் படகுகள் வந்து அணைந்தன. என்ன விலை, என்ன விலை என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். அன்னாசியைக் காட்டினால் அது இல்லை என்று தலையை ஆட்டுகிறார்கள். ஒருவன் குனிந்து பலகையைத் தட்டிப் பார்க்கிறான். இன்னொருவன் இயந்திரத்தைக் கிளப்பிக் காட்டச் சொல்கிறான். புருஷன் சாங் எண்ணெய்க் கையோடு ஓடிவந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"அடிப்பாவி! குடியிருக்கிற வீட்டையே விக்கப் போட்டுட்டியே!"

சந்தையில் மற்றதெல்லாம் தொங்குவதைத்தான் விற்பார்கள். கீற்றுத் தொங்கினால் மட்டும் படகே விலைக்கு. லுவாவுக்கு யார் சொன்னார்கள்? பக்கத்துப் படகில் ஊத் பூசணிக் குவியல்மேல் விழுந்து புரண்டு சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் எழுந்து உட்கார்ந்து, "அ... அ... அண்ணி, வெ... வெலையில நா... நானும் சேத்தியா?" என்று கேட்டான். அவன் அவளோடு பேசிய முதல் பேச்சு அது. லுவாவுக்கு அன்றே அவனைப் பிடித்துப் போயிற்று.

அப்படிப்பட்டவனைத்தான் அவள் தன் வாயாலேயே வராதே என்று சொல்ல வேண்டி வந்தது. எல்லாம் மகள் சென்னால்.

சென் என்றால் அவர்கள் பேச்சில் தாமரை. ஐந்து வயதுக்குப் பேச்சு என்றால் அப்படி ஒரு பேச்சு. காலையில் கண் விழித்ததும் தொடங்கினால் அன்னாசி இறக்க வரும் கூலியாட்கள், எண்ணெய்ப் படகுக்காரன், கரையில் குரைக்கிற நாய் என்று யாரையும் விடமாட்டாள். அத்தை ஹாய் நூடுல்ஸ் சூப் விற்கிற சின்னப் படகைத் துடுப்பு வலித்துக்கொண்டு வந்தால், "அத்தை, இன்னிக்குப் பன்னி எலும்பா, எறாலா?" என்று முதல் கேள்வி இவளுடையதுதான். மத்தியானம் முழுக்கச் சித்தப்பா படகில். ஊத் வாங்க வந்த படகுக்காரனுக்குப் பூசணியைத் தூக்கிப் போட, அவன் பிடிக்க, நடுவில் இவள் உட்கார்ந்துகொண்டு எண்ணிக்கை சொல்வாள். ஊத்தும் கூடவே சொல்வான். அந்தத் தாளத்தில் சொல்லும்போது மட்டும் அவனுக்குத் திக்கவே திக்காது.

வாடைக்காற்று திரும்பிய மாதம் அது. புது வருஷப் பண்டிகை நெருங்கியதால் ஆறு கொள்ளாமல் படகு. சாங் கீழ்க்காட்டிலிருந்து அன்னாசி ஏற்றிக்கொண்டு வந்து அடுக்குவான், அது விற்பதற்குள் மறுபடி போவான். லுவா துணியுறை மாட்டிய கையால் அன்னாசியின் கொண்டையைப் பிடித்துப் பிடித்துக் காயை எறிவாள். உறையையும் மீறி முள் கீறும். அந்த மும்முரத்தில் ஒருநாள் சென் வந்து பின்னால் நின்றாள்.

"அ... அ... அ... அம்மா."

"என்னடி?"

"அ... அ... அந்தப் படகுல கு... கு... கு..."

"குழந்தையா? குரங்கா? சொல்லித் தொலையேன், கை நெறைய வேல கெடக்கு."

குரங்குதான். யாரோ குரங்குக்குட்டி வளர்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு விளையாட்டு என்று நினைத்தாள் லுவா. மறுநாளும் அப்படியே. அடுத்த வாரம் வார்த்தை வராமல் பிள்ளை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க நின்றபோது லுவா கையிலிருந்த காயைக் கீழே வைத்தாள்.

விஷயம் ஹாய் காதுக்குப் போக நேரம் ஆகுமா? சூப்புப் படகைக் கொண்டுவந்து அணைத்துக் கயிற்றைப் போட்டாள். ஹாய்க்கு மனசில் கள்ளம் கிடையாது, வாயில் பூட்டும் கிடையாது.

"நான் அப்பவே சொன்னேன். திக்குறவங்களோட திக்கிப் பேசி வெளையாடினா ஒட்டிக்கும். பழிப்புக் காட்டிப் பழிப்புக் காட்டியே ஊரு ஒலகத்துல எத்தன பேருக்கு வந்திருக்கு!"

"அவ பழிப்புக் காட்டலக்கா. சித்தப்பான்னா அவளுக்கு உசுரு."

"உசுருன்னா மட்டும் ஒட்டாதா? நாள் பூரா அந்தப் பூசணிப் படகுலயே கெடந்தா வேற என்னா ஒட்டும், பூசணியா ஒட்டும்?"

சாங் இயந்திரத்துக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டே தலை நிமிராமல் சொன்னான்: "தம்பியப் பாத்து வர்றதுன்னா எனக்கு ஏன் வரல? அவனோட ஒரே பாயில படுத்து வளந்தவன் நான்."

"ஒனக்கு மண்ட கெட்டி. எதுதான் ஏறிச்சு?" என்றாள் அக்காக்காரி. "பொட்டப் பிள்ள. இதோட பள்ளிக்கூடம் போயி நிக்கட்டும், அப்பத் தெரியும். தம்பிய எப்படியெல்லாம் ஓட்டினானுங்கன்னு நீதான பாத்த. ரெண்டாம் வகுப்போட ஓடி வந்தவன் அவன். இவளும் ஓடி வரட்டுமா?"

சாங் கீழ்க்காட்டுக்குக் கிளம்பிப் போன அன்று காலை லுவா ஊத் படகுக்குத் தாவினாள். அவன் பூசணிக் காம்பில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தான்.

"தம்பி, தப்பா நெனைக்காதீங்க. சென்னுக்குப் பேச்சு திக்குது. உங்ககூடயே இருக்கறதால ஒட்டிக்கிச்சுன்னு அக்கா சொல்றாங்க. கொஞ்ச நாளைக்கு... அவள இங்க அனுப்பல. நீங்களும் அங்க வர வேணாம்."

ஊத் சுண்ணாம்புக் குச்சியைக் கீழே வைத்தான். அவன் முகம் வெளுத்தது. உதடு குவிந்தது.

"செ... செ... செ..."

லுவாவால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. "செரிதானே? செரின்னுதானே சொல்ல வர்றீங்க?" என்றாள்.

அவன் அவளையே பார்த்தான். பிறகு தலையை ஆட்டினான். அப்பாடா, கோபமில்லை என்று நினைத்துக்கொண்டு அவள் தன் படகுக்குத் திரும்பினாள். மறுநாள் ஊத் நங்கூரத்தைத் தூக்கி, படகைச் சந்தையின் கோடியில், ஆகாயத்தாமரை அடைந்து கிடக்கிற பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்தினான்.

திக்கல் குறைந்ததா? எங்கே குறைந்தது! கூடத்தான் செய்தது. போகிறவர் வருகிறவர் எல்லோரும் வைத்தியராகிவிட்டார்கள். மெதுவாப் பேசு என்றான் எண்ணெய்ப் படகுக்காரன். மூச்சை இழுத்துவிட்டுட்டுப் பேசு என்றாள் காப்பி விற்கிறவள். மொதல்லேருந்து சொல்லு, எங்க, திக்காமச் சொல்லு பாப்போம் என்று லுவாவே அதட்டினாள். சென் வாயைத் திறந்து முதல் எழுத்தில் நிற்கும்போதே நாலு பக்கத்திலிருந்தும் நாலு பேர் மிச்சத்தைச் சொல்லி முடித்தார்கள். ஹாய் தன் பங்குக்குச் சூப்பு அகப்பையைக் கழுவிக் கொண்டுவந்து பிள்ளையின் வாயில் மெல்லத் தட்டினாள். அகப்பையால் தட்டினால் கட்டு விடுமாம். வலிக்கவில்லைதான். ஆனால் அன்று சாயங்காலத்திலிருந்து சென் பேச்சையே விட்டுவிட்டாள்.

லுவா அதை முதலில் கவனிக்கவில்லை. அன்று சட்டியில் விரால் மீனை வற்ற வைத்து, அன்னாசி போட்ட புளிச்சாறு இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினால், சமையல் மூலையில் ஒரு விறகுக் குச்சி நட்டிருந்தது. அதன் நுனியில் நூல் கட்டி, சென்னின் எனாமல் குவளை தொங்கியது. பக்கத்தில் பிள்ளை சம்மணம் போட்டு உட்கார்ந்து அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது?"

சென் குவளையைக் காட்டினாள். தாகம்.

சோற்றுக்குக் கிண்ணம் தொங்கியது. தூக்கத்துக்குத் தலையணை உறை தொங்கியது. ஹாய் பார்த்துவிட்டுக் கைகொட்டிச் சிரித்தாள். "பாத்தியா கெட்டிக்காரிய! பொறக்கும்போதே யாவாரி!" லுவாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஓயாமல் கேள்வி கேட்ட பிள்ளை. கழியில் குவளை தொங்கும், கிண்ணம் தொங்கும். 'இன்னிக்குப் பன்னி எலும்பா, எறாலா' என்பதை எந்தக் கழியில் தொங்கவிடுவாள்?

மறுநாள் சாங் வந்ததும் சரக்கை அவன் தலையில் கட்டிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பயணிகள் படகில் ஏறிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

பேச்சுக்கென்று அங்கே தனியாக ஓர் அறை. டாக்டர் சின்ன வயதுப் பெண். அவள் சென்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து மரக்கட்டையால் ஒரு படகு செய்தாள். நிதானமாக, வார்த்தைக்கு வார்த்தை இடம் விட்டுத் தனக்குத் தானே பேசிக்கொண்டாள். "என் படகுல... வாழைக்காய்... ஏத்தப் போறேன்." ரொம்ப நேரம் அப்படியே போனது. லுவா பொறுமையில்லாமல் நெளிந்தாள். திடீரென்று சென் குனிந்து அந்தப் படகைத் தொட்டாள்.

"க... க... க..."

லுவா வாயெடுத்தாள். டாக்டர் அவள் பக்கம் திரும்பாமலே கையை மட்டும் உயர்த்தினாள்.

"க... கழி இல்ல," என்றாள் சென். "எ... எ... எப்படி விப்பீங்க?"

"அட, ஆமாம்ல," என்றாள் டாக்டர். "மறந்தே போயிட்டேன்."

லுவாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிள்ளையின் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! சென் கட்டைகளோடு மும்முரமான பிறகு டாக்டர் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்த வயசுல நெறைய பிள்ளைங்களுக்கு வரும்க்கா. குடும்பத்துல வேற யாருக்காச்சும் இருக்கா?"

"இவ சித்தப்பாவுக்கு. அவருகிட்டேருந்துதான் ஒட்டிக்கிச்சுன்னு..."

"இது ஒட்டுவாரொட்டி இல்லக்கா. ரத்தத்துல வரலாம். பாத்து வராது, கேட்டு வராது. பழிப்புக் காட்டினாலும் வராது."

"அவர வர வேணாம்னு சொல்லிட்டேன்," என்றாள் லுவா. சொல்லும்போதே நாக்கு கசந்தது.

"அவருகூட இருந்தப்ப இவ எப்படிப் பேசுவா?"

லுவா யோசித்தாள். "நிறுத்தாமப் பேசுவா. அவரு கேட்டுக்கிட்டே இருப்பாரு. அவருக்கு அவசரமே கெடையாது."

அதற்கு மேல் லுவாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இது போயிடுமாங்க?"

"நெறைய பேருக்குப் போயிடும். செலருக்கு இருக்கும். அது நம்ம கையில இல்ல. அவ பேசறத விட்டுடாம பாத்துக்கறதுதான் நம்ம கையில இருக்கு. மெதுவாப் பேசுன்னு அவகிட்ட சொல்லாதீங்க, நீங்க மெதுவாப் பேசுங்க. அவ ஆரம்பிச்சத அவளே முடிக்கட்டும். வார்த்தைய எடுத்துக் குடுக்காதீங்க. எவ்வளவு நேரமானாலும் அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருங்க. வாரா வாரம் கூட்டிட்டு வாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்னு சொல்றீங்க. செஞ்சு பாருங்க, தெரியும்," என்று சிரித்தாள் டாக்டர்.

திரும்பி வரும்போது வெயில் ஏறிவிட்டது. காற்று ஆற்றைச் சுருக்கம் சுருக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. லுவா பயணிகள் படகுக்காரனிடம் சந்தைக் கோடியில் இறக்கிவிடச் சொன்னாள். ஊத்திடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், கையோடு சாப்பிடக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று மனசுக்குள் வாசகம் கட்டிக்கொண்டே வந்தாள். அப்போதுதான் மடியில் இருந்த சென் எழுந்து நின்று கையை நீட்டினாள்.

ஊத்தின் கழியில் பூசணி இல்லை. தென்னங்கீற்றுத் தொங்கியது.

லுவாவுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. படகை விற்றுவிட்டு இவன் எங்கே போவான்? போகட்டும், பிள்ளைக்காவது பேச்சு வரட்டும் என்றல்லவா கட்டியிருக்கிறான்! அணைந்து பார்த்தால் உள்ளே ஒரு தடித்த ஆள், கழுத்தில் கட்டம்போட்ட துண்டு, பலகைகளை முட்டியால் தட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஹாயின் சூப்புப் படகு. அண்டாவில் சூப்பு கொதிக்க, அவள் இங்கே தம்பிக்காகப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

"தேக்குங்க, அசல் தேக்கு. தட்டிப் பாருங்க. என் தம்பிக்குப் பேச வராது, எதுவானாலும் என்கிட்ட கேளுங்க." லுவாவைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். "நான் விக்கச் சொல்லல லுவா. சத்தியமா சொல்லல. காலைல வந்து பாக்குறேன், கீத்து தொங்குது. கேட்டா பதில் இல்ல. விக்கறதுன்னு ஆச்சு, ஏமாத்திடக் கூடாதேன்னு நிக்கிறேன்." அவள் கண் சிவந்திருந்தது.

ஊத் யாரையும் பார்க்கவில்லை. கயிறு சுருட்டிக்கொண்டிருந்தான்.

சென் அம்மாவின் கையை உதறிவிட்டுப் படகில் ஏறினாள். தடித்த ஆளின் எதிரே போய் நின்றாள்.

"சி... சி... சி..."

"சித்தப்பாவாடி? சித்தப்பா ஊருக்குப் போறாருடி கண்ணு, அப்புறம்..." என்று ஹாய் தொடங்கினாள்.

"அக்கா, வாய மூடுங்க," என்றாள் லுவா.

வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து நாத்தனாரிடம் அவள் அப்படிப் பேசியதில்லை. ஹாய் பிளந்த வாயோடு நின்றாள். லுவா மகளின் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். உள்ளே என்னவோ பதறியது, எடுத்துக் கொடுத்துவிடு, எடுத்துக் கொடுத்துவிடு என்று. பல்லைக் கடித்துக்கொண்டாள். டாக்டர் சிரித்தது இதற்குத்தான்.

"சி... சி..." சென் கண்ணை மூடினாள். கழுத்து புடைத்தது. ஒரு மணல் படகு கடந்து போனது. அதன் அலை வந்து எல்லோரையும் ஒருமுறை தூக்கி இறக்கியது. அண்டாவில் சூப்பு பொங்கி அடுப்பில் வழிந்தது. ஹாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தடித்த ஆள் செல்போனை எடுத்து மணி பார்த்தான். லுவா பார்த்த பார்வையில் அதை மறுபடி பைக்குள் வைத்தான்.

"சித்தப்பா படகு," என்றாள் சென். கண்ணைத் திறந்தாள். "வி... வி... விக்கிறதுக்கு இல்ல."

ஊத்தின் கையிலிருந்து கயிறு நழுவியது.

"விக்கறதுக்கு இல்லன்னா கீத்து எதுக்குக் கட்டினீங்க?" என்று தடித்த ஆள் எகிறினான்.

"வெயிலுக்கு," என்றாள் லுவா.

"என்னது?"

"வெயிலுக்குக் கட்டினது. எங்க குடும்பத்துல அப்படித்தான் கட்டுவோம்."

அந்த ஆள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். பைத்தியக்காரக் கூட்டம் என்று முணுமுணுத்துக்கொண்டே தன் படகுக்குத் தாவி, கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போனான்.

லுவா எழுந்து ஊத்தின் எதிரே போய் நின்றாள். கட்டி வைத்திருந்த வாசகமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"தம்பி, நான் பண்ணினது தப்பு. அன்னிக்கு நீங்க என்னமோ சொல்ல வந்தீங்க. நான் முந்திரிக்கொட்ட மாதிரி செரின்னு முடிச்சேன். அது செரி இல்லைல்ல? என்ன சொல்ல வந்தீங்க? இப்பச் சொல்லுங்க. நான் நிக்கிறேன்."

ஊத்தின் உதடு குவிந்தது. அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்றது.

"செ... செ... செ..."

ஹாய் தன் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டாள். சென் சித்தப்பாவின் முகத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். அவளுக்கு எந்த அவசரமும் இல்லை.

"சென்னு," என்றான் ஊத். "சென்னுகிட்ட ப... பயப்பட வேணாம்னு சொ... சொல்லுங்க அண்ணி. தி... திக்கினாலும் பே... பேசலாம்னு சொல்லுங்க. எ... எ... எனக்கு அத யா... யாரும் சொல்லல."

லுவா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஹாயும் அழுதாள், சின்ன வயதில் தம்பியின் வாயிலும் அகப்பையால் தட்டியவள் அவள்தான். சென் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"நா... நா... நான் எ... எங்க பயந்தேன்?" என்றாள். யாரும் குறுக்கே பேசவில்லை. அவள் தன் நேரத்தை எடுத்துக்கொண்டாள். "நீ... நீங்கதான் ப... ப... பயந்தீங்க."

ஊத் சிரிக்க ஆரம்பித்தான். பூசணிமேல் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். லுவா மூக்கை உறிஞ்சியபடியே கழியைச் சாய்த்துக் கீற்றை அவிழ்த்தாள். சென் அதற்குள் சூப்புப் படகின் ஓரத்தில் போய் நின்றுகொண்டிருந்தாள்.

"அ... அ... அத்தை," என்றாள்.

"சொல்லுடி," என்றாள் ஹாய். அகப்பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"இ... இ... இன்னிக்கு..."

ஹாய்க்கு அந்தக் கேள்வி தலைகீழாகத் தெரியும். கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, கடைசிச் சொல் வரைக்கும் அவள் காத்திருந்தாள்.